ஜிம்மி விழுகிற நேரம்

போன வருஷம் ஆடி மாசம், கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் தன் நாயைத் துண்டில் சுற்றி என் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை ஸ்பிட்ஸ், நாம் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்கிற வகை. வயது 11. பெயர் ஜிம்மி. இந்தப் பெயரைப் பற்றி ஒரு விஷயம் உண்டு, அப்புறம் சொல்கிறேன்.

"டாக்டரம்மா, நல்லா நின்னுக்கிட்டு இருக்கான், திடீர்னு சரிஞ்சு விழுதான். காலு ரெண்டும் வெறச்சிருது. ஒண்ணுக்குப் போயிருதான். செத்த நேரத்துல எந்திரிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வாலாட்டுதான்."

விறைப்பு, சிறுநீர் வரைக்கும் என் காதில் விழுந்தது. கடைசியில் சொன்ன வாலாட்டு விழவில்லை. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள், ஒரு கோழிக்கூடை வேறு. வலிப்பு என்று முடிவுகட்டி, பீனோபார்பிடோன் மாத்திரை காலையும் இரவும் என்று எழுதிக்கொடுத்தேன்.

மூன்று மாதம் அந்த நாய் என்னால் தூங்கி வழிந்தது. பசி கூடி, இடுப்பு எது வயிறு எது என்று தெரியாமல் உருண்டது. வாரத்துக்கு இரண்டு முறை விழுவது மட்டும் நிற்கவில்லை. அளவைக் கூட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மாலை, அண்ணாச்சியின் மகள் தனியாக வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். "டாக்டர், இவன் எப்பவும் பால்காரர் வர்ற நேரத்துலதான் விழுறான். குலைச்சுக்கிட்டே ஓடுவான், கேட்டுக்கிட்ட போனதும் பொத்துன்னு விழுவான். தூக்கத்துல ஒரு தடவைகூட விழுந்ததில்ல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வலிப்பு பெரும்பாலும் நாய் ஓய்வாக இருக்கும்போதும் தூக்கத்திலும் வரும். கால்கள் நீச்சல் அடிப்பதுபோல அடிக்கும், வாயில் நுரை தள்ளும். முடிந்த பிறகு பத்து நிமிஷமோ ஒரு மணி நேரமோ நாய் தன் வீட்டையே அடையாளம் தெரியாமல் சுவரில் முட்டும். மயக்கம் வேறு ஜாதி. ஆட்டம், குரைப்பு, இருமல் என்று ஏதாவது ஒன்றை ஒட்டி வரும், சில வினாடிகளில் போய்விடும், எழுந்ததும் நாய் பழைய நாய்தான். இதயம் தடுமாறி மூளைக்கு ரத்தம் போகாத அந்தச் சில வினாடிகளில் கால் விறைக்கலாம், சிறுநீரும் போகலாம். அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு பதினோரு பேர் காத்திருந்தார்கள் என்பதெல்லாம் ஒரு சாக்கு.

மறுநாளே ஜிம்மியை வரச்சொல்லி ஸ்டெத் வைத்தேன். நிமிஷத்துக்கு 110, குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசையில் வலது பக்கமாகப் படுக்கவைத்து, நான்கு காலிலும் கிளிப் மாட்டி ஈசிஜி எடுத்தேன். கிளிப் கடித்ததும் நடுங்க ஆரம்பித்தான். தாளில் வந்தது இதயத்தின் கோடா தசையின் நடுக்கமா என்று பிரிக்க முடியாத ஒரு புல்வெளி. அமைதியாக இருந்த மூன்று நிமிஷத்தில் எல்லாம் சுத்தம். என் மேசைமேல் இருக்கும் நாய்க்கு பயத்தில் இதயம் ஓடத்தானே செய்யும்? நடுவில் துடிப்பு நின்றுபோகிற இதயத்தைப் பிடிக்க அது சரியான இடமில்லை.

முறைப்படி இதற்கு ஹோல்டர் கட்ட வேண்டும். 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி, நாய்க்கு ஒரு மேல்சட்டை தைத்து அதற்குள் வைப்பார்கள். அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர் 1940-களில் முதலில் செய்தது 38 கிலோ எடையில் முதுகில் சுமக்கிற ரேடியோ மூட்டை. இன்றைக்கு அது தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. தீப்பெட்டி ஊர்க்காரி என்பதால் இந்த அளவு எனக்கு நன்றாகப் புரியும். சென்னைக்குப் போய் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன். "தீவாளி வருதும்மா, கடைய யார் பாக்க?" என்றார் அண்ணாச்சி. தீபாவளிக்கு முன்னால் கடலைமிட்டாய்க் கடைக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்விதான் அது.

சரி, என்னிடம் இருந்ததைச் சொல்கிறேன். என் வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு கார்டு கிடக்கும். ஏடிஎம் கார்டைவிடக் கொஞ்சம் தடிமன், மேலே இரண்டு உலோகத் தகடு. மனிதர்களுக்காக விற்பது. இரண்டு கை விரலையும் அதில் வைத்தால் அரை நிமிஷ ஈசிஜி போனில் வந்துவிடும். நாய்க்கு விரல் கிடையாது, நெஞ்சில் வைத்து அழுத்த வேண்டும். இந்த மாதிரிக் கருவிகளில் முதலில் பிரபலமானது அமெரிக்காவின் அலைவ்கோர். 2012 டிசம்பரில் மனிதர்களுக்கான அரசு அனுமதி அதற்குக் கிடைத்தது. அதற்கு முன்பே கால்நடை மருத்துவர்களுக்கான பதிப்பு விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த வகையில் நாய்தான் மனிதனுக்கு முந்திக்கொண்டது.

அந்தப் பழைய ரகக் கருவிகள் போனுக்குச் செய்தி அனுப்பும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. வயரும் இல்லை, புளூடூத்தும் இல்லை. இதயத்தின் மின் அலையை நம் காதுக்கு எட்டாத உச்ச சுருதியில் ஓசையாக்கி, போனின் மைக்குக்குப் பாடுகிறது. நமக்குத்தான் கேட்காது, நாய்க்கும் பூனைக்கும் அந்தச் சுருதி தாராளமாகக் கேட்கும். கார்டை நெஞ்சில் வைத்ததும் சில நாய்கள் தலையைச் சாய்த்து போனையே பார்ப்பது அதனால்தானோ என்னவோ. தன் இதயம் பாடுவதைத் தானே கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

இப்போது பெயர் விஷயம். 1887-இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மனித இதயத்தின் மின் அலையை முதன்முதலில் பதிவுசெய்தவர் அகஸ்டஸ் வாலர். அவர் வளர்த்த புல்டாக்தான் அவருடைய ஆய்வகக் கூட்டாளி. உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடிகளில் காலை வைத்துப் பேசாமல் நிற்கும், அதுதான் அந்தக் காலத்து எலெக்ட்ரோடு. 1909-இல் ராயல் சொசைட்டியில் அதை நிறுத்திக் காட்டியபோது, மிருகவதை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை கேள்வி போனது. உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் எழுந்து, நாய் நின்றது உப்புப் போட்ட தண்ணீரில், கடலில் கால் நனைத்தவர்களுக்கு அந்த சுகம் தெரியும், கழுத்தில் இருந்தது ஆணி அல்ல, பித்தளைக் குமிழ் வைத்த தோல் பட்டை என்று பதில் சொன்னார். அந்த புல்டாக்கின் பெயரும் ஜிம்மி! நம் தெருக்களில் நாலு வீட்டுக்கு ஒரு ஜிம்மி இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் ஜிம்மி என்று சீட்டு எழுதும்போதெல்லாம் அந்த ஜாடிகள் நினைவுக்கு வரும்.

கார்டின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு பூனையால். ஆண் பூனை, மூன்று வயது, இரண்டு நாளாகச் சிறுநீர் போகவில்லை என்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தார்கள். மூத்திரக்குழாய் அடைப்பு. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. கிளினிக்குக்கு வரும் பூனையின் இதயம் 160-க்கும் 220-க்கும் நடுவில் ஓட வேண்டும், இதற்கு 84. பெரிய ஈசிஜி மிஷினை எடுத்து, வயர் சிக்கலைப் பிரித்து, நான்கு காலில் மாட்டுவதற்குள் அது போய்விடும். முழங்கைக்குப் பின்னால் ரோமத்தைப் பிரித்து, ஸ்கேன் ஜெல்லைத் தடவி, கார்டை அழுத்தினேன். பத்து வினாடியில் கோடு வந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இதயத்தின் மேலறை எழுப்பும் சின்ன மேட்டுக்குப் பி அலை என்று பெயர், அது ஒன்றுகூட இல்லை. அகன்று சோம்பிய துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கூடாரம் அடித்ததுபோல டி அலை. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது.

கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் மெதுவாக, மிக மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் அந்த மருந்தே இதயத்தை நிறுத்தும். கம்பவுண்டர் தம்பி சிரிஞ்சைத் தள்ள, நான் போனைப் பார்த்து "போ... போ... நில்லு... போ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிஷம் கூடாரம் தாழ்ந்தது. எட்டாவது நிமிஷம், ஒரு துடிப்புக்கு முன்னால் எறும்புப் புற்று மாதிரி ஒரு சின்ன மேடு எழுந்தது. பி அலை. தம்பி என்னைப் பார்த்து, "மேடம், அழுறீங்களா?" என்றான். ஜெல் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்கு அரை மணி நேரம் அவகாசம் வாங்கித்தரும், அவ்வளவுதான். அதற்குள் டிரிப் ஏற்றி, அடைப்பை எடுத்தாக வேண்டும். எடுத்தோம்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. நாலுவழிச் சாலையின் நடுத்திட்டில் வெட்டிப்போட்ட அரளிக் கிளைகளைத் தின்ற ஒரு வெள்ளாட்டுக்கும் இதே கார்டை வைத்திருக்கிறேன். கோடு குடித்தவன் நடைபோல, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போனது. என்ன நடக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. ஆடு பிழைக்கவில்லை.

ஜிம்மிக்கு வருவோம். "கார்டை வீட்டுக்குக் கொண்டுபோ, விழுகிற நேரத்தில் பிடி" என்று மகளிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் பாடம். இடது பக்கம், முழங்கைக்குப் பின்னால், உள்ளங்கையை வைத்தால் துடிப்பு தட்டுகிற இடம். ரோமத்தைச் சிரைக்க வேண்டாம், வகிடெடுத்தால் போதும். ஸ்பிரிட் நன்றாகக் கடத்தும், ஆனால் விளக்கேற்றும் வீட்டில் ஸ்பிரிட் நனைந்த நாய் நடமாடுவது எனக்குச் சரிப்படாது, ஜெல்லே போதும். சார்ஜரைக் கழற்றிவிட்டு எடு. மூச்சிரைக்கும்போது எடுக்காதே. முக்கியமாக, போன் சொல்லும் முடிவைப் படிக்காதே, கோட்டை மட்டும் எனக்கு அனுப்பு.

கடைசி விதியை அந்த வீட்டில் யாரும் மதிக்கவில்லை. முதல் நாள் இரவே அண்ணாச்சி போன் செய்தார். "அம்மா, ஏட்ரியல் பிப்ரில்லேசன் இருக்கலாம்னு போட்டிருக்கே. எங்க மதினிக்கு அதுதான், பக்கவாதம் வந்துருச்சு."

இதயத்தின் மேலறை தாறுமாறாக நடுங்கும் நோய் அது. ஆனால் அந்த முடிவைச் சொல்லும் கணக்கு மனித இதயத்துக்காக எழுதியது. ஆரோக்கியமான நாயின் இதயம் ஒரே சீராக அடிக்காது. மூச்சை இழுக்கும்போது வேகமாகும், விடும்போது நிதானிக்கும். டக்-டக்-டக், இடைவெளி, டக்-டக், இடைவெளி. நாய்க்கு இந்த ஒழுங்கின்மைதான் ஒழுங்கு, நிம்மதியாகப் படுத்திருக்கிறது என்பதன் அடையாளம். தூக்கத்தில் இரண்டு மூன்று வினாடி நின்றுகூடத் துடிக்கும். மனிதக் கணக்கோ இடைவெளி மாறினாலே பதறும். பூனையை வைத்தால் 180 துடிப்பைப் பார்த்து அதற்கும் பதறும். நான் பார்ப்பது இதைத்தான்: ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் பி அலை நிற்கிறதா, இடைவெளி மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா. நிஜமான பிப்ரில்லேஷனில் பி அலையே இருக்காது, இடைவெளிகளில் ஒரு பாட்டும் இருக்காது. தொடை நாடியைத் தொட்டபடி ஸ்டெத் வைத்தால், காதில் கேட்கும் துடிப்பில் பாதி விரலுக்கு வந்து சேராது. இதையெல்லாம் அண்ணாச்சிக்கு விளக்கி முடிக்க பதினைந்து நிமிஷம். "அப்ப மெசினு பொய் சொல்லுதா?" என்றார். வேறு யாருக்கோ ஜாதகம் பார்க்கிறது என்றேன். சமாதானமாகிவிட்டார்.

ஒன்பது நாளில் 41 பதிவுகள் வாட்ஸப்பில் வந்தன. பாதிக்குமேல் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி. பதினேழாவதில் எல்லாம் அளவெடுத்த மாதிரி சீராக, 78. "இது ஜிம்மி இல்லையே?" என்று கேட்டேன். "நான்தான் டாக்டர், சும்மா வச்சுப் பாத்தேன்" என்று நாக்கை நீட்டும் பொம்மை ஒன்றைச் சேர்த்து அனுப்பினாள்.

பத்தாம் நாள், சனிக்கிழமை, காலை 5.50. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. 42-ஆவது பதிவு. பால்காரர் மணி அடித்ததும் ஓடி விழுந்திருக்கிறான், எழுந்திருக்கிறான். விழுந்தால் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி ஒருமுறை விழுவான் என்று இவள் கவனித்து வைத்திருந்ததால், மடியில் படுக்கவைத்து கார்டை அழுத்தியபடி காத்திருந்திருக்கிறாள். கோடு ஐந்து துடிப்பு நன்றாக வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. கிளினிக்குக்குப் போனதும் தாளில் அச்சடித்து ஸ்கேல் வைத்தேன். வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிற தாளில் 15.5 சென்டிமீட்டர் வெறும் கோடு. 6.2 வினாடி. அதன் முடிவில் அகலமாக, கோணலாக ஒரே ஒரு துடிப்பு. இதயத்தின் கீழறை வேறு வழியில்லாமல் தானே அடித்துக்கொண்டது. பிறகு பழையபடி.

கார்டு ஒற்றைக் கோணத்தில் பார்ப்பது, சின்ன பி அலைகளைத் தவறவிடலாம். அலைகளின் உயரத்தை அளக்க அதை நம்பக்கூடாது. அதனால் ஜிம்மியை வரவழைத்து, கிளிப் மாட்டி, இதயத்தை வேகப்படுத்தும் அட்ரோபின் ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தேன். இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடம் சைனஸ் கணு, அது நன்றாக இருந்தால் 140-ஐத் தாண்டிக் குதித்திருக்கும். இவனுடையது 84-இலிருந்து 106 வரைக்கும் மூச்சுப் பிடித்து ஏறி நின்றுவிட்டது. சிக் சைனஸ் நோய். அந்தக் கணுவே களைத்துப்போய், நடுநடுவே கண் அசருகிறது. பால்காரருக்காகக் குரைத்து ஓய்ந்த அடுத்த நொடிதான் அது அசருகிற நொடி.

இதற்கு நிஜ வைத்தியம் பேஸ்மேக்கர்தான். மனிதர்களுக்கு வைக்கிற அதே பெட்டி, கழுத்து ரத்தக்குழாய் வழியாக வயரை இறக்கி வைப்பார்கள். அமெரிக்காவில் 1967-இலேயே ஒரு நாய்க்கு வைத்துவிட்டார்கள். செலவைச் சொன்னேன், வயதையும் சொன்னேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஜிம்மியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "மாத்திரைல ஓட்டுவோம்மா" என்றார். ஆஸ்துமாக்காரர்கள் சாப்பிடும் தியோபிலின், இதயத்தைக் கொஞ்சம் உசுப்பிவிடும். பீனோபார்பிடோனைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கிளப்பும் என்பதால், நான் தொடங்கிய தப்பை ஆறு வாரத்தில் படிப்படியாக இறக்கி முடித்தேன். அந்த மாத்திரைச் செலவைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு அண்ணாச்சி கோபித்துக்கொண்டு, இரண்டு கிலோ கடலைமிட்டாய் கொடுத்தனுப்பினார்.

இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் அதுவும் இல்லை. பால்காரர் மணி அடிப்பதை விட்டுவிட்டு அண்ணாச்சி மகளின் செல்லுக்கு மிஸ்டு கால் கொடுக்கிறார்.

கார்டை இப்போது நானே வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகிறேன், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. எல்லாருக்கும் கொடுப்பதில்லை. சாத்தூரிலிருந்து ஒரு டாபர்மேன்காரர், அண்ணாச்சி சொல்லி வந்தார், எனக்கும் கார்டு கொடுங்கள் என்றார். டாபர்மேனுக்கு இதயத்தசை நோய் மறைவாக வளரும், விழுவதற்கு வருஷங்களுக்கு முன்பே ஒழுங்கு தப்பிய துடிப்புகள் நடுநடுவே தலைகாட்டும். ஒரு நாளில் 300-க்கு மேல் போனால் நோய் என்று கணக்கு. ஒரு நாளில் அரை நிமிஷங்கள் 2,880. அதில் ஐந்தாறைப் பிடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஹோல்டர் கட்டித்தான் ஆக வேண்டும் என்று சென்னைக்குச் சீட்டு எழுதினேன். முகம் சுளித்தார், ஆனால் போயிருக்கிறார். வியாழக்கிழமை பெட்டியைக் கழற்றுகிறார்களாம்.

கார்டு ஜிம்மி வீட்டிலிருந்து திரும்பி வந்து மாதங்கள் ஆகின்றன. ஸ்பிரிட் போட்டு எத்தனை தடவை துடைத்தும் தகட்டின் ஓரத்தில் வெல்லப்பாகு பிசுபிசுப்பு போகவில்லை. நேற்று வந்த பூனை அதை நக்கிவிட்டுத்தான் நெஞ்சைக் கொடுத்தது.